மக்ரூனுக்கு அனுமதி, கெட்டிலுக்கு இல்லை: கார்னிவல் பிரீஸ் கப்பலில் ஐந்து இரவுகள்

என் மாமனார் தூத்துக்குடித் துறைமுகத்தில் 31 வருஷம் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் கணக்கெழுதுவது வேலை. எத்தனையோ கப்பல்களைப் பார்த்தவர்தான். ஆனால் ஏணியில் ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குவதோடு சரி, ஒன்றில்கூட ஒரு ராத்திரி தூங்கியதில்லை. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்று ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். “அடுத்த மாசம் போவோம்” என்று மாமாவும் அத்தையும் ஒவ்வொரு மாசமும் பேசிக்கொண்டார்கள். ஜூனில் ஆரம்பித்த கப்பல் நவம்பரில் நின்றுபோனது.

2025 கோடையில் அவர்கள் எங்களிடம் ஹூஸ்டனுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் அந்தக் கதையை ஞாபகம் வைத்திருந்து கார்னிவல் பிரீஸில் இரண்டு அறை போட்டார். ஜூன் மாதம், சனிக்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்கும் ஐந்து இரவுப் பயணம். கால்வெஸ்டனில் கிளம்பி, மெக்சிகோவின் கொசுமெல், புரோகிரேசோ என்று இரண்டு ஊர் பார்த்துவிட்டுத் திரும்ப கால்வெஸ்டன். நாங்கள் ஆறு பேர்: மாமா, அத்தை, நாங்கள் இருவர், ஒன்பது வயதுப் பெரியவன், நாலு வயதுச் சின்னவள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது எங்கே கூட்டிப்போவது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கப்பல். 2012இல் இத்தாலியில் மோன்ஃபால்கோனே தளத்தில் கட்டியது. 306 மீட்டர் நீளம். 1,30,000 டன் என்று நான் படித்துக் காட்டியதும் மாமா குறுக்கிட்டார்: “அது எடை இல்லம்மா, உள்ள இருக்கிற இடத்தோட கணக்கு.” சரி, இடம். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 3,690 பயணிகள். எங்களைப் போல நாலு பேர் அடைந்துகொள்ளும் அறைகளையும் சேர்த்தால் கோடை விடுமுறையில் நாலாயிரத்தைத் தாண்டும். ஊழியர்கள் கிட்டத்தட்ட 1,400 பேர். இன்று இதைவிடப் பெரிய கப்பல்கள் எத்தனையோ வந்துவிட்டன, கால்வெஸ்டனிலிருந்தே கிளம்புகின்றன. ஆனால் அவற்றின் கோடைக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் மூச்சு சீராகும்.

கார்னிவல் கம்பெனியே இப்படிக் குறைந்த கட்டணத்தைக் குறிவைத்து வளர்ந்ததுதான். கப்பல் பயணம் பணக்கார வயோதிகர்களுக்கு என்று இருந்த காலத்தில், 1972இல் டெட் ஏரிசன் ஒரு பழைய கப்பலை வாங்கி, ‘மார்டி கிரா’ என்று பெயர் வைத்து மயாமியிலிருந்து விட்டார். முதல் பயணத்திலேயே துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது அது மணல்மேட்டில் தட்டி நின்றது. அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்து, ‘ஃபன் ஷிப்’ என்று விளம்பரம் செய்து, சாதாரணக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிய கம்பெனி. இந்தக் கதையை மாமாவிடம் ஏறுவதற்கு முன் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது பணம். விளம்பரத்தில் இருக்கும் விலைக்கும் கடைசியில் கார்டில் ஏறும் விலைக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. ஜன்னல் இல்லாத உள் அறை இரண்டு, துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கு 3,420 டாலர். ஊழியர்களுக்கான டிப்ஸ் தனி. நாங்கள் போனபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர், இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கும் அதே. அது ஒரு 480. தனியார் கார் நிறுத்துமிடம் 90. ஒரே ஒரு போனுக்கு வைஃபை 100. கரையில் இறங்கி டாக்சி, கடற்கரை, சாப்பாடு 260. சோடா, காபி, இரண்டு போட்டோ என்று 140. ஆக 4,490. ஆறு பேருக்கு ஐந்து ராத்திரி தங்கும் இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், இரண்டு ஊர் என்று கணக்குப் போட்டால் ஆர்லாண்டோவில் இந்தப் பணம் எத்தனை நாளுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

டிப்ஸை முன்பதிவின்போதே கட்டிவிடுங்கள், கடைசி நாள் பில் கண்ணைக் கரிக்காது. மது பேக்கேஜ் வாங்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே அறையில் உள்ள 21 வயது தாண்டிய எல்லோரும் வாங்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஆசை இருந்தது. என் பங்குக்கும் சேர்த்து விலையைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சாதாரணக் காபி, டீ இவை கட்டணத்திலேயே அடக்கம்.

பெற்றோருடன் போகிறவர்கள் காகிதங்களில் கவனம் வைக்க வேண்டும். கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறது. ஆகவே பெற்றோரின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும், அமெரிக்காவில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு காலாவதி ஆகியிருக்கக் கூடாது, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் எச்-1பி வேலை விசா முத்திரை காலாவதியானவர்கள் 30 நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்ப ஒரு விதி இருக்கிறது, ஆனால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு நம்புங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு கப்பலிலும் மெக்சிகோவிலும் செல்லுமா என்றும் பாருங்கள். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் பார்த்த கட்டணம் நேராக உங்கள் கணக்கில் ஏறும்.

சரி, ஏறும் நாள். ஹூஸ்டன் பக்கத்தில் நாங்கள் இருக்கும் கேட்டியிலிருந்து கால்வெஸ்டன் ஒன்றரை மணி நேரம். கார்னிவலின் ஆப்பில் முன்பே பதிவு செய்து நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பதினொன்றரை கிடைத்தது. பெரிய பெட்டிகளை வாசலிலேயே போர்ட்டர்களிடம் கொடுத்துவிட வேண்டும், அவை சாயங்காலம்தான் அறைக்கு வரும். ஆகவே மாத்திரை, நீச்சல் உடை, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில். மாமாவின் சர்க்கரை மாத்திரையை நான் பெரிய பெட்டியில் போட்டிருந்தேன். போர்ட்டரிடம் கொடுக்கப்போன பெட்டியை நடுச்சாலையில் திறந்து தேடியது என் தவறுதான்.

அடுத்தது கெட்டில். அத்தைக்கு விடிகாலை நாலரைக்கு வெந்நீர் வேண்டும். அதற்காக ஒரு சின்ன மின்சாரக் கெட்டிலைப் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்களுக்கே தெரியாது. ஸ்கேனரில் அது கெட்டிலாகத்தான் தெரிந்தது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி என்று சூடேற்றும் கம்பி உள்ள எதையும் தீ அபாயம் காரணமாகக் கப்பலில் அனுமதிப்பதில்லை, விதியில் தெளிவாக இருக்கிறது. சீட்டு கட்டி வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சமைத்த உணவும் கூடாது. எலுமிச்சைச் சாதம், இட்லி எல்லாம் கனவு. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் தின்பண்டம் மட்டும் போகும். ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பாக்கெட் மூன்றும் அப்படித்தான் தப்பின. “மக்ரூன விடுவாங்களாம், வெந்நி வைக்க விடமாட்டாங்களாம்” என்று அத்தை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வெந்நீர் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் லிடோ தளத்தில் எந்நேரமும் கிடைக்கும் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பிளாஸ்க் எடுத்துப் போங்கள், போதும்.

ஏறியதும் செய்யவேண்டிய முதல் வேலை, கப்பலில் தரும் கார்டில் குறிப்பிட்டிருக்கும் பாதுகாப்பு இடத்துக்குப் போய்ப் பதிவு செய்வது. ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல் என்றால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். இதைச் சலிப்பாகச் செய்யாதீர்கள். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்பே இந்தப் பயிற்சி முடிய வேண்டும் என்ற கட்டாயம் வந்தது.

கப்பல் கிளம்பிய அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டது. மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும். மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வார்ஃபைப் பார்த்தார். கப்பலைக் கட்டும் இரும்புக் குற்றியான பொல்லார்டிலிருந்து ஒவ்வொரு கயிறாகக் கழற்றுவதை வாய்க்குள் எண்ணினார். கப்பலை இழுத்துவிடும் டக் படகு எங்கே என்று தேடினார். டக்கே வரவில்லை. பக்கவாட்டில் தள்ளும் விசிறிகளை வைத்துக்கொண்டு 306 மீட்டர் கப்பல் தானாக நகர்ந்து கரையை விட்டு விலகியது. “ஒரு டக்கு இல்லாம… ஒரு டக்கு இல்லாம…” என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலு கோடு போட்டு ஒரு குறுக்குக்கோடு போட்டார். பழைய பழக்கம், விடாது. கால்வாயில் டால்பின்கள் கூடவே வந்தன, பொலிவார் படகு குறுக்கே போனது. வெளிக்கடலில், அதுவரை கப்பலுக்கு வழிகாட்டி வந்த துறைமுகப் பைலட், ஏணி வழியாகச் சின்னப் படகில் இறங்கியபோது மாமா கை தட்டினார், பக்கத்தில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். இருட்டியதும் தூரத்தில் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் விளக்குகள். கடல்மேல் கார்த்திகை தீபம் வைத்த மாதிரி.

அறை சிறியது. 185 சதுர அடியில் நாலு பேர். இரண்டு படுக்கை கீழே, இரண்டு சுவரிலிருந்து மடக்கி இறக்குவது. ஜன்னல் இல்லாததால் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. பிள்ளைகள் எட்டு மணி வரை தூங்கியது அதனால்தான். சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் சுவரில் தொங்கும், நடக்க இடம் கிடைக்கும். மாமா அத்தைக்காவது பால்கனி அறை போட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். கடலைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே போவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். ஆனாலும் ஐந்தாம் தளத்தில் வெளியே போய் உட்காரக் கடலோரமாக இடம் இருக்கிறது. இசை காதைத் துளைக்காத இடம் அது. மாமா அதைக் கண்டுபிடித்த பிறகு அவரைத் தேட வேண்டிய வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் தளமான லிடோவில்தான் எல்லாக் கூட்டமும். அங்கே அமெரிக்க டிவி சமையல்காரர் கை ஃபியரியின் பர்கர் கடை எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். எதிரே புளூ இகுவானா என்று மெக்சிகன் கடை. மீன், கோழி வைத்த டாக்கோ, காலையில் முட்டை வைத்த புரிட்டோ. எங்கள் குடும்பம் குடியிருந்தது அங்கேதான். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சட்னி வரிசை மாதிரி விதவிதமான சால்சா வைத்திருக்கிறார்கள், உறைப்பானதும் உண்டு. அத்தை மூன்றாம் நாளிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் உறைப்புச் சால்சாவை எடுத்துக்கொண்டுதான் எந்த மேசைக்கும் போனார். பீட்சா கடை இரவிலும் திறந்திருக்கும். பஃபேயில் தேடினால் ஏதாவது ஒரு மூலையில் வெறும் சாதம் இருக்கும், காலையில் இனிப்பில்லாத தயிர் இருக்கும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் இருக்காது என்பதுதான் தயிர்சாதப் பிரியர்களின் விதி. காலையில் ஒரு கிண்ணம் தயிரை எடுத்து அறையில் இருந்த குட்டிக் குளிர்பெட்டியில் வைத்து நான் அந்த விதியை வென்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் உட்கார்ந்து பரிமாறும் பெரிய ஹாலுக்குப் போங்கள். பலர் சோம்பல்பட்டு பஃபேயிலேயே முடித்துக்கொள்கிறார்கள். பணம் ஒன்றுதான், ஆனால் சாப்பாடும் கவனிப்பும் வேறு. முதல் நாள் இரவே சொல்லி வைத்தால் மறுநாளைக்கு இந்திய சைவச் சாப்பாடு செய்து தருகிறார்கள். செவ்வாய்க்கிழமை அத்தைக்குச் சைவம். பருப்பு, காய்கறி மசாலா, சாதம், ரொட்டி, அப்பளம் என்று தட்டு வந்தது. வடக்கத்திச் சமையல்தான், ஆனால் அதை நாங்கள் நால்வரும் ஆளுக்கு ஒரு கை எடுத்து, அத்தைக்கு மீதி வைக்கவில்லை. இன்னொன்று கேட்டதும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்தார்கள். முக்கிய உணவில் இரண்டு வரை கட்டணத்தில் அடக்கம், மூன்றாவது கேட்டால் சின்னக் கட்டணம் உண்டு. கடைசியில் வரும் சூடான சாக்லேட் கேக், கரண்டி பட்டதும் உள்ளே உருகி ஓடுவது, கார்னிவலின் அடையாளம். ஐந்து ராத்திரியும் பெரியவன் அதையே சாப்பிட்டான். நடுவில் பரிமாறுகிறவர்கள் தட்டுகளை வைத்துவிட்டு ஆட ஆரம்பிப்பார்கள். சின்னவள் அவர்களோடு போய் ஆடிவிட்டு வந்தாள்.

இதைத் தவிர, லிடோவில் குழாயைத் திருகினால் ஐஸ்கிரீம் வரும். 24 மணி நேரமும். யாரும் கேட்பதில்லை, எண்ணுவதில்லை. சர்க்கரை உள்ளவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஒரு ராத்திரி ‘எலிகண்ட் நைட்’. நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். அத்தை மாம்பழ நிறப் பட்டுப்புடவை, மாமா பட்டு வேட்டி. போட்டோக்காரர்கள் தாங்களாகவே ஓடிவந்தார்கள். எடுப்பது இலவசம், படம் வேண்டுமென்றால்தான் காசு. மேலே எழுதிய இரண்டு போட்டோ அதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கப்பலுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ‘கேம்ப் ஓஷன்’ என்று 2 முதல் 11 வயது வரைக்கான இடம், வயதுப்படி பென்குவின், ஸ்டிங்ரே, ஷார்க் என்று மூன்று பிரிவு. ராத்திரி பத்து மணி வரை இலவசம், அதற்கு மேல் விட்டால் மணிக்கணக்கில் கட்டணம். சின்னவள் முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் கூப்பிடப் போன எங்களைப் பார்த்து அழுதாள். தண்ணீர்ச் சறுக்குகளுக்கு 42 அங்குலம் உயரம் வேண்டும். அவளுக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. வீட்டிலேயே அளந்து சொல்லி வைத்திருந்தால் படிக்கட்டின் மேலே போய் அந்தக் காட்சி நடந்திருக்காது. அவள் உயரத்துப் பிள்ளைகளுக்கு வாளி கவிழ்ந்து தண்ணீர் கொட்டும் இடம் தனியாக இருக்கிறது. கயிற்றுப் பாலத்துக்கு 48 அங்குலம். பெரியவன் அதில் கடலுக்கு மேலே நடந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் அங்கே, மாமா ஐந்தாம் தளத்தில், அத்தை பிங்கோவில் (ஆம், பிங்கோ. எண்களை ஆங்கிலத்தில் கேட்டு அடிக்கத் தெரிந்தால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்), நாங்கள் இருவரும் குழந்தைகளுக்கு அனுமதியில்லாத செரினிட்டி தளத்தில் ஊஞ்சல் படுக்கையில். கல்யாணமான பதினோரு வருஷத்தில் பகல் இரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் பேசாமல் படுத்திருந்தது அதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் ஆறு பேர் மூன்று மாதம் இருக்கும்போது, எல்லோரும் தனித்தனியாகக் காணாமல் போய் ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் சேருகிற ஏற்பாடு எவ்வளவு பெரிய வரம் என்பதை மருமகள்கள் அறிவார்கள்.

அமைதி தேடுகிறவர்கள் இந்தக் கப்பலுக்கு வராதீர்கள். இது பொருட்காட்சி. கரை தொடாத கடல் நாட்களில் நீச்சல் குளத்தைச் சுற்றி நாற்காலி பிடிப்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். பெரிய திரை, சத்தமான பாட்டு, போட்டிகள். அதில் ஒன்று, நெஞ்சில் மயிர் அதிகம் உள்ள ஆண்களுக்கான போட்டி. கேலி இல்லை, கார்னிவலில் வெகுகாலமாக நடப்பது. என் வீட்டுக்காரரை யாரோ கைதூக்கிவிட, அவர் சட்டையைக் கழற்றி மேடையில் ஆடி மூன்றாவதாக வந்தார். அந்த நேரம் பார்த்து மாமா லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். ஒரு கணம் பார்த்தார். திரும்பி அதே லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். அன்று ராத்திரி மேசையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நகைச்சுவை நிகழ்ச்சிகள் மாலையில் குடும்பத்துக்கு, பிந்தி 18 வயதுக்கு மேல் என்று பிரித்திருக்கிறார்கள். கடிகாரம் பார்த்துப் போங்கள், பெற்றோருடன் தவறான காட்சிக்குள் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வரவும் முடியாது.

ஏன் இந்தக் கப்பல்கள் எல்லாம் மெக்சிகோ போகின்றன என்று மாமா கேட்டார். கப்பலில் பறப்பது பனாமா கொடி. 1886ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். கொசுமெல் நன்றாகப் பிழைக்கிறது. நாங்கள் போன அன்று அங்கே நாலு கப்பல்கள் நின்றன. பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோகலாம் போல நீலமான தெளிந்த தண்ணீர். டாக்சி பிடித்துத் தீவின் மேற்குக் கரையில் ஒரு கடற்கரைக்குப் போனோம். டாக்சிக் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், நாங்கள் பேசாமல் ஏறி இறங்கும்போது பேசினோம். மூழ்கிப் பார்க்கும் கண்ணாடி போட்டுப் பெரியவன் மீன் பார்த்தான். அத்தை முழங்கால் வரை நின்று, “நம்ம ஊர் கடல்ல உப்பு கூட” என்று தீர்ப்புச் சொன்னார்.

புரோகிரேசோவில் கப்பல் கரைக்குப் பக்கத்தில் வராது. கடல் வெகுதூரம் ஆழமே இல்லாததால் 6.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் போட்டு அதன் முனையில் கப்பலை நிறுத்துகிறார்கள். பாம்பன் பாலத்தைப் போல மூன்று மடங்கு. மாமா பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூண்களை எண்ண முயன்று தோற்றார். கரை வரை அந்தப் பேருந்து இலவசம். பக்கத்து ஊர் சிக்சுலூப். 6.6 கோடி வருஷத்துக்கு முன் டைனோசர்களை முடித்துவைத்த விண்கல் விழுந்த பள்ளத்துக்கு அந்த ஊரின் பெயர்தான். பெரியவன் இதைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, “பள்ளம் எங்கே?” என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அது பூமிக்கடியில் புதைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றதும் பயணத்திலேயே பெரிய ஏமாற்றம் அவனுக்கு அதுதான். மாயன் இடிபாடுகள் பார்க்க நேரமில்லை. சிச்சேன் இட்சா போய் வர நாள் முழுக்க ஆகும். நாலு வயதுக் குழந்தையோடு வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இலிருந்து கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கோடையில் கொசுமெலும் கால்வெஸ்டனும் ஒரே நேரம், ஆனால் புரோகிரேசோ ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் கால்வெஸ்டன் நேரத்திலேயே ஓடியது. கரையில் இறங்கியதும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது. “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு” என்று என் வீட்டுக்காரர் இன்னொரு மீன் வறுவலுக்குச் சொன்னார். மாமாவின் கையில் பழைய எச்.எம்.டி. கடிகாரம், அது எந்த ஊருக்கும் மாறாது. அதனால் பிழைத்தோம். கப்பல் யாருக்காகவும் நிற்காது. இதே மனிதர்தான் போனை விமானப் பயன்முறையில் போடாமல் கடலில் வைத்திருந்து, எங்கள் போன் கம்பெனியிடமிருந்து 74 டாலர் கூடுதல் பில் வாங்கியவர்.

திரும்பி வரும் கடல் நாளில் மாமாவுக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது. லிடோவில் மேசை துடைக்கும் பையன், பெயர்ப்பட்டையில் ஊர் ‘இந்தியா’ என்று மட்டும். இவர் தூத்துக்குடி என்றதும் அவன், “நாங்க நாகர்கோவில் பக்கம்” என்றான். எட்டு மாத ஒப்பந்தம், இன்னும் மூன்று மாதம் பாக்கி. ஊருக்குப் போனால் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார் அத்தை. பதில் வருவதற்குள் அறைக்குப் போய் மீதி இருந்த மக்ரூன் பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதைப் பிரிக்காமல் மூக்குக்கு அருகே கொண்டுபோனான். வேலை நேரம், அதோடு சரி. டிப்ஸ் 480 டாலர் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நான் அதன்பிறகு முணுமுணுக்கவில்லை.

மறுபடி போவேனா? போவேன். ஆனால் பள்ளி விடுமுறையில் இல்லை. குளிர்காலத்தில் கால்வெஸ்டனில் பனிமூட்டம் வந்து கப்பல்கள் தாமதமாவது உண்டு, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், பாதை மாறலாம். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் எனக்குச் சரியாகப்படுகிறது. பெரியவர்களுக்கு பால்கனி, எங்களுக்கு உள் அறை, இதுதான் அடுத்த கணக்கு. தலைசுற்றல் யாருக்கும் வரவில்லை. வரக்கூடியவர்கள் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையாகக் கேளுங்கள்.

இறங்கும் நாள் பெட்டிகளை நாங்களே இழுத்துக்கொண்டு வந்ததால் ஒன்பது மணிக்குள் வெளியே. வாங்கி வைத்த பொருட்களின் மேசையில் ஏழெட்டு கெட்டில்கள் சீட்டோடு நின்றன. வரிசையில் நின்ற முகங்களைப் பார்த்தேன், பாதி நம் பக்கத்து அத்தைகள். சுங்க அதிகாரி மாமாவிடம் “முதல் கப்பல் பயணமா?” என்று கேட்டார். 31 வருஷம் துறைமுகத்தில் வேலை என்று மாமா பதில் சொன்னார், கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்றாலும்.

இரண்டு நாள் கழித்துத் துணி துவைக்கும்போது மாமாவின் சட்டைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. அத்தை எடுத்துப் படித்தார். நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்தைந்தாகக் கட்டிய டேலி. கால்வெஸ்டனில் கழற்றிய கயிறு 12. பைலட் படகு 6. கொசுமெலில் நின்ற கப்பல் 4. அதற்குக் கீழே தலைப்பு எதுவும் எழுதாமல் 17.

“இது என்ன பதினேழு?” என்று அத்தை கேட்டார். மாமா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். சின்னவள்தான் சொன்னாள், “தாத்தா ஐஸ்கிரீம்.”